கொழும்பில் தானாக அமையும் அவுட்லுக், தோட்டத்து ஆபீஸில் ஏன் அமைவதில்லை?

தலைமை அலுவலக ஐடி பிரிவினருக்கு வணக்கம்.

ஹட்டன் பக்கத்துத் தோட்ட ஆபீஸ் ஒன்றில் கம்ப்யூட்டர் வேலைகளையும் சேர்த்துப் பார்ப்பவன் நான். மெயில் பார்க்கும் அவுட்லுக் புரோகிராம் இங்கே அமைய மறுக்கிறது என்று நாங்கள் அனுப்ப, "லைன் ஸ்லோ" என்று எழுதி நீங்கள் மூடிவிடுகிற அந்த முறைப்பாட்டைப் பற்றித்தான் இந்த மடல். லைன் ஸ்லோதான், மழை இறுகினால் சிக்னலும் போய்விடும். ஆனால் அதே லைனில், அதே நேரத்தில், பிரவுசரில் மெயில் திறக்கிறதே! அவுட்லுக் மட்டும்தான் பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே நிற்கிறது.

காரணம் இதுதான். கொழும்பில் கம்ப்யூட்டர் உங்கள் நெட்வேர்க்கிற்குள் இருப்பதால், மெயில் முகவரி, சேர்வர் விவரம் இரண்டையும் அவுட்லுக் டொமைனிலிருந்தே (கம்பெனிக் கணக்குகளை ஒரே இடத்தில் வைத்திருக்கும் அமைப்பிலிருந்தே) எடுத்துக்கொள்கிறது. யாரும் எதுவும் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. இங்கே 4ஜி ரவுட்டர், கொழும்பு நெட்வேர்க்கோடு இணைக்கும் விபிஎன் கிடையாது, அந்தந்தக் கம்ப்யூட்டரிலேயே இருக்கும் லோக்கல் கணக்கில்தான் உள்ளே போகிறோம். அதனால் கிளாக்கர் முகவரியைத் தானே அடிக்கிறார். அவுட்லுக் அந்த முகவரியில் @ குறிக்குப் பின்னால் உள்ள பெயரை எடுத்து முதலில் அங்கேயே போய் ஆட்டோடிஸ்கவர் விவரம், அதாவது மெயில் எந்த சேர்வரில் இருக்கிறது என்ற விவரம், கேட்கிறது, autodiscover என்று தொடங்கும் முகவரிக்கு அதற்குப் பிறகுதான் போகும். அந்த முதல் இடத்தில் இருப்பது நம் கம்பெனி இணையதளம். அதை நடத்துகிற வெளி ஹோஸ்டிங் சேர்வர், மெயில் தன்னிடம்தான் இருக்கிறது என்று பதில் சொல்லிவிடுகிறது. சேர்வர் யாருடையது என்று காட்டும் சான்றிதழில் வேறு பெயர் என்று எச்சரிக்கை வரும், அவசரத்தில் எல்லோரும் "யெஸ்" அழுத்துவார்கள், அப்புறம் பாஸ்வேர்ட் பெட்டி.

நான் ஊகித்துச் சொல்லவில்லை. கன்ட்ரோலை அழுத்தியபடி, கீழே மணிக்கூட்டுப் பக்கம் இருக்கும் அவுட்லுக் ஐகானை ரைட் கிளிக் செய்து, டெஸ்ட் இ-மெயில் ஆட்டோகான்ஃபிகரேஷனைத் திறந்து, கெஸ்ஸ்மார்ட் (Guessmart) என்று இருக்கும் இரண்டு டிக்கையும் எடுத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். எந்த முகவரி பதில் தந்தது என்று லொக் என்ற பதிவில் வரிவரியாக இருக்கும். ஒரு தடவை டொங்கிளைப் போட்டு, ஆபீஸ் நெட்வேர்க்கிற்கு வெளியே நின்று செய்து பாருங்கள், அதுதான் நான் கேட்பது.

எனக்குப் பெரிய கவலை இந்த பாஸ்வேர்ட்தான். நம்முடையது அல்லாத சேர்வருக்கு நம் ஆட்கள் அதை அடித்துக் கொடுக்கிறார்கள். ஆட்டோடிஸ்கவர் தேடல் தவறான இடத்துக்குப் போவதால் என்ன ஆகும் என்பதை 2021இல் கார்டிகோர் என்ற பாதுகாப்பு நிறுவனம் காட்டியது. autodiscover என்ற பெயரில் சில இணைய முகவரிகளை வாங்கி வைத்துச் சும்மா காத்திருந்ததிலேயே 96,671 வெவ்வேறு பயனர் கணக்குகளின் விவரங்கள் அவர்களிடம் வந்து விழுந்தன. அவர்களுடையது வேறு வகைக் கசிவு, ஆனால் தேடல் தவறிப் போகிற குணம் ஒன்றுதான். தோட்டத்து மெயிலில் சம்பள விவரம் இருக்கிறது, ஈபிஎஃப் விவரம் இருக்கிறது, தொழிலாளர்களின் அடையாள அட்டை இலக்கங்கள் இருக்கின்றன. அவர்கள் நம்பித் தந்தவை அவை.

"புரொஃபைலை அழித்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள்" என்று இனிமேல் சொல்லாதீர்கள். புதிய புரொஃபைலும் (அவுட்லுக்கின் கணக்கு அமைப்பு) அதே இடத்தில்தான் போய்க் கேட்கும். எப்படியோ நல்லபடியாக ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டரிலும் பழைய மெயில் எல்லாம் மறுபடி இறங்கத் தொடங்கும். அது இந்த லைனில், சம்பள வாரத்தில், என்ன பாடு என்று நீங்கள் வந்து பார்த்தால்தான் புரியும்.

சரி, செய்ய வேண்டியது சிறிய வேலைதான். இணையதள சேர்வர் அந்த ஆட்டோடிஸ்கவர் கேள்விக்குப் பதில் சொல்லாதபடி ஹோஸ்டிங்காரர்களிடம் நிறுத்தச் சொல்லுங்கள், எல்லாத் தோட்டத்துக்கும் ஒரே அடியாகத் தீரும். அதற்கு நாள் எடுக்குமென்றால், மலைக்கு அனுப்புமுன் ஒவ்வொரு கம்ப்யூட்டரின் ரெஜிஸ்ட்ரியிலும் (விண்டோஸ் செட்டிங்ஸ் இருக்கும் இடம்), அந்த முதல் இடத்தைத் தவிர்க்கச் சொல்லும் ExcludeHttpsRootDomain மதிப்பை 1 ஆக்கிவிடுங்கள். உங்கள் நெட்வேர்க் வழியாகப் போகும் குரூப் பாலிசியில் போட்டால் அது இங்கே வந்து சேராது. கம்ப்யூட்டரில் இறக்கி ஆஃப்லைனில் வைக்கும் மெயிலையும் 12 மாதத்திலிருந்து 3 மாதமாகக் குறைத்துவிடுங்கள்.

மாற்றியதும் ஒரு தகவல் தாருங்கள். அன்றைக்கே ஒரு கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்து லொக்கை அனுப்புகிறேன், பக்கத்துத் தோட்டங்களுக்கும் நானே சொல்லிக்கொள்கிறேன்.