அம்மா, பிரசவத்துக்கு நான் ஊருக்கு வரவில்லை

அம்மா,

ஸ்கேன் பார்த்துவிட்டு அடுத்த வாரமே பொதிகை எக்ஸ்பிரஸில் வந்துவிடுவேன் என்று சொல்லித்தான் கிளம்பினேன். வரவில்லை. பிரசவம் இங்கே தாம்பரத்திலேயேதான். ஆஸ்பத்திரியில் பதிந்தாகிவிட்டது, உன் மாப்பிள்ளையும் சரி என்றுவிட்டார். போனில் சொன்னால் நீ அழுவாய், நானும் "சரி, வாரேன்" என்று சொல்லித் தொலைத்துவிடுவேன். அதனால் எழுதுகிறேன். நான் இங்கே எழுதுவதைத் தங்கச்சி உனக்கு வாசித்துக் காட்டுகிறாள் என்பது தெரியும். வேறு யார் யார் வீட்டில் வாசிக்கிறார்கள் என்பதும் தெரியும். ஆகவே சிலதைப் பாதியில் விடுவேன். மீதியை நீயே நிரப்பிக்கொள்.

ஸ்கேனில் குறை ஒன்றும் இல்லை. தலை கீழே திரும்பிவிட்டது. கொடி சுற்றவில்லை.

கொடியைப் பற்றி டாக்டரிடம் கேட்டேன். "புரண்டு படுக்காதட்டி, எந்திச்சு உக்காந்து திரும்பிப் படு" என்று ராத்திரி முழுக்கச் சொல்வாயே, அதைத்தான். நான் புரள்வதற்கும் கொடிக்கும் சம்பந்தமே இல்லையாம். பிள்ளை உள்ளே தானாகச் சுழன்று விளையாடும்போது கழுத்தில் விழுவதுதானாம். நாலைந்து பிரசவத்தில் ஒன்றில் கொடி சுற்றித்தான் பிறக்கிறது, தலை வந்ததும் விரலாலேயே எடுத்து விட்டுவிடுகிறார்களாம். இதற்காகவா அத்தனை தடவை எழுந்து உட்கார்ந்தேன்? இந்த மாசத்தில் எழுந்து உட்காருவது என்றால் என்ன என்று உனக்குச் சொல்ல வேண்டாம். பிள்ளைக்கு வழி விடுவதற்காக இடுப்பு மூட்டுகளையெல்லாம் ஒரு ஹார்மோன் இளக்கி வைத்திருக்கிறது. அடிவயிற்று எலும்பு முன்பக்கம் இரண்டாகப் பிரிகிற வலி.

ஆனால் நீயும் தூங்கவில்லை. நான் அசையும்போதெல்லாம் இருட்டில் என் முதுகுக்குக் கீழே கை கொடுத்தாய். இங்கே இடது பக்கம் ஒருக்களித்து, முழங்கால்களுக்கு நடுவில் தலையணை வைத்து, யாரும் எழுப்பாமல் படுக்கிறேன். அந்தக் கை இல்லாமல் தூக்கம் பிடிக்கமாட்டேன் என்கிறது. இதைப் படித்துவிட்டு "அப்போ கிளம்பி வா" என்று சொல்லாதே.

நெஞ்செரிச்சல் விஷயத்தில் மட்டும் நீ ஜெயித்துவிட்டாய். பிள்ளைக்கு முடி முளைக்கிறது, அதனால்தான் கரிக்கிறது என்றாய். நான் சிரித்தேன். அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்துக்காரர்கள் இதையும் விடவில்லை. 64 கர்ப்பிணிகளை வைத்துப் பார்த்து 2006-ல் எழுதியிருக்கிறார்கள். எரிச்சல் கூடுதலாக இருந்தவர்களுக்குப் பிறந்த பிள்ளைகளுக்கு முடியும் கூடுதலாகத்தான் இருந்ததாம். சரி, உன் பேரப்பிள்ளை சடை போட்டுக்கொண்டே வரட்டும்.

மெட்டிக்கு வருகிறேன்.

அன்றைக்கு வீட்டு முன்பக்கத்துத் தார்சா நிறைய ஆட்கள். என் மூக்கு பெருத்திருக்கிறது, பையன்தான் என்று ஒருத்தர். கழுத்து இப்படிக் கறுத்துவிட்டதே என்று ஒருத்தர். என்னைக் கேட்காமலே வயிற்றில் கை வைத்து, கூராக இருக்கிறதா, உருண்டையா என்று தீர்ப்புச் சொன்னவர் ஒருத்தர். யார் என்று எழுதவில்லை. அவர்களுக்கும் வாசிக்கத் தெரியும். நீ எல்லாருக்கும் காப்பி கொடுத்துக்கொண்டு சிரித்தாய்.

என் கால் அப்போது வீங்கிக் கிடந்தது. விரலால் அழுத்தினால் குழி விழுந்து மெல்லத்தான் நிரம்பும். மெட்டிக் கம்பி சதைக்குள் இறங்கி, விரல் நுனி கன்னிப்போயிருந்தது. கழற்றிவிடட்டுமா என்று கேட்டேன். எல்லார் முன்னாலும் "வாயக் கழுவு" என்றாய்.

ஆட்கள் போனபிறகு அடுக்களைக் கதவைச் சாத்தினாய். அப்பாவின் பெட்டியிலிருந்து குறடை எடுத்து வந்து, அந்த முட்டி வலியோடு தரையில் உட்கார்ந்து, என் காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாய். தேங்காய் எண்ணெயை விரல் சந்திலெல்லாம் விட்டாய். மெட்டியின் திறந்த வாய் விரலுக்கு அடியில் இருந்தது. குறடின் மூக்கை அதில் நுழைத்து நூல் அளவுக்கு விரித்தாய், மறுபடி எண்ணெய், மறுபடி நூல் அளவு. நான் கத்தாமல் இருக்க முந்தானையைச் சுருட்டி என் வாயில் கொடுத்தாய். கழன்று வந்த இடத்தில் விரலைச் சுற்றி ஒரு பள்ளம். அதைக் கட்டைவிரலால் நீவிக்கொண்டே, "எனக்கு யாரு கழட்டிவிட்டா?" என்றாய்.

அப்போதுதான் உன் காலைப் பார்த்தேன். அதே விரல், அதே இடம், அதே பள்ளம். அது நான் வயிற்றில் இருந்தபோது விழுந்ததா, தம்பிக்கா என்று கேட்க வாய் வரவில்லை.

அத்தோடு நின்றிருந்தால் நான் உன் வீட்டிலேயே பெற்றிருப்பேன்.

மறுநாள் காலையில் வந்தவர்கள் என் வெறுங்காலைப் பார்த்தார்கள். நீ என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? "இவளாத்தான் கழட்டியிருக்கா, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல." அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி மாட்டிவிட்டாய். விரித்த வாயை நெருக்காமல் தளர்வாகத்தான் மாட்டினாய், அது உனக்கும் எனக்கும் மட்டும் தெரியும். அதற்காக நான் உன்னிடம் நன்றி சொல்ல வேண்டுமா, சண்டை போட வேண்டுமா? வலித்ததைக்கூட மறந்துவிட்டேன். நீ என்னை விட்டுக்கொடுத்த வேகம்தான் மறக்கவில்லை. கதவைச் சாத்திய அம்மா எனக்கு வேண்டும். கதவைத் திறந்தபிறகு வருகிறவளோடு இந்த நேரத்தில் என்னால் மல்லுக்கட்ட முடியாது.

இங்கே வந்ததும் கழற்றிவிட்டேன். பீரோவில் இருக்கிறது. உன் மாப்பிள்ளை நன்றாகத்தான் இருக்கிறார்.

வீக்கத்துக்குக் காரணத்தை டாக்டர் சொன்னார். இந்த மாசத்தில் உடம்பில் ரத்தம் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு ஆகிவிடுகிறது. கர்ப்பப்பையோ காலிலிருந்து ரத்தம் திரும்பும் பெரிய குழாயை அமுக்கிக்கொண்டிருக்கிறது. நீர் கீழேயே தங்கிவிடுகிறது. இடது பக்கம் படுக்கச் சொல்வதும் அதற்காகத்தான். நீ கொடுத்த பார்லித் தண்ணீரில் கெடுதல் இல்லையாம், பெரிய பலனும் இல்லையாம். ஆனால் முகமும் கையும் திடீரென்று ஊதினால், தலைவலி விடாமல் இருந்தால், கண் மங்கினால், எந்த நேரமானாலும் உடனே வரச் சொல்லியிருக்கிறார். பிரஷர் 140/90-ஐத் தொட்டால் நீர் கோர்த்தது என்று விட்டுவிடக் கூடாதாம். உள்ளங்கை, உள்ளங்கால் ராத்திரியில் காரணமில்லாமல் அரித்தாலும் சொல்ல வேண்டுமாம், ஈரலில் கோளாறாக இருக்கலாம். உன் வீட்டில் தலைவலி என்றால் முதலில் சுக்கு உரசுவாய், அப்புறம் திருஷ்டி சுற்றுவாய், அப்புறம் பெரியவர்களைக் கேட்பாய், அதற்கப்புறம்தான் ஆட்டோ. கோபித்துக்கொள்ளாதே, நடப்பதைத்தான் சொல்கிறேன்.

"மூணு பெத்தேன், ஒருநாள் படுத்ததில்ல" என்று நீ சொல்லும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். படுக்க யார் விட்டார்கள் உன்னை?

தும்மினால் என்ன ஆகிறது என்பதை இங்கே எழுத மாட்டேன். ஒரு ராத்திரி நைட்டி முன்பக்கம் ஈரமாகி நான் பதறி உன்னை எழுப்பியதை மட்டும் எழுதுகிறேன். "சீம்பால்தான், இப்பமே வரத்தான் செய்யும்" என்றாய். பழைய வேட்டித் துணியை மடித்து வைத்துவிட்டு, காலையில் நான் எழும் முன்னால் அலசியும் போட்டுவிட்டாய். யாரிடமும் சொல்லவில்லை. தங்கச்சியிடம்கூட. இப்போது நானே ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டேன், மன்னித்துக்கொள். ஆனால் அதைச் சொல்லாமல் மெட்டியை மட்டும் சொன்னால் உனக்கு அநியாயம்.

தலைப்பிரசவத்தைத் தாய் வீட்டில் பார்க்கவில்லை என்றால் நம் பக்கம் என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். நீதான் அதைக் கேட்டுக்கொண்டு நிற்கப் போகிறாய். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவள் திமிர் பிடித்தவள், சொன்ன பேச்சைக் கேட்கமாட்டாள் என்று சொல்லிவிடு. இந்தத் தடவை நானே அனுமதி தருகிறேன். செலவு எங்களுடையது என்று அப்பா சண்டைக்கு வந்தால், தாராளமாக பில்லைக் கட்டட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை.

நீ வா. தேதிக்கு முந்தின வாரமே வந்துவிடு. எழும்பூர் வரை போகாதே, தாம்பரத்திலேயே இறங்கு, அவர் ஸ்டேஷனுக்கு வருவார். சுகர் மாத்திரையை ஒரு மாசத்துக்குச் சேர்த்து எடுத்துக்கொள். துணைக்கு வருகிறேன் என்று யார் சொன்னாலும் தனியாகத்தான் வர வேண்டும். அப்பாவுக்கு யார் பொங்கிப் போடுவது என்று மட்டும் கேட்காதே. கடையில் சாப்பிடட்டும், இல்லையென்றால் கற்றுக்கொள்ளட்டும்.