டிரான்ஸ்ஃபார்மர் வாங்கும் முன் நேம் பிளேட்டைத் துடைத்துப் பாருங்கள்

குன்னூர்

வாடிக்கையாளர்கள் அனைவருக்கும் வணக்கம்.

தேயிலைக் கொழுந்து வரத்து கூடுவதற்குள் டிரான்ஸ்ஃபார்மரை மாற்றிவிடலாம் என்று ஃபேக்டரிக்காரர்கள் சிலர் விலை கேட்டு வருகிறீர்கள். எல்லாரும் கேட்பது இரண்டே கேள்வி: எத்தனை கே.வி.ஏ. (டிரான்ஸ்ஃபார்மர் தாங்கும் அளவு), என்ன விலை? நேம் பிளேட்டில் 'வெக்டர் குரூப்' (உள்ளே சுருள்களை எப்படிக் கட்டியிருக்கிறது என்ற குறியீடு) என்ற இடத்தில் என்ன அடித்திருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. இந்த மடல் அதற்காகத்தான்.

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் பழைய டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை மலிவாக வாங்கி மாட்டியிருந்தார்கள். பகலில் ரோலர், டிரையர், வாடல் தொட்டி ஃபேன் எல்லாம் ஒழுங்காக ஓடும். மாலை ஏழு மணிக்கு தொழிலாளர் குடியிருப்பான லைன் வீடுகளில் விளக்கும் ஹீட்டரும் போட்டதும் தொல்லை ஆரம்பிக்கும். ஒரு வரிசையில் விளக்கு மங்கும், அடுத்த வரிசையில் பல்பு போகும். இரண்டு டி.வி.யும் போய்விட்டன. அளந்து பார்த்தோம். ஒரு ஃபேஸில் 208 வோல்ட், மற்ற இரண்டிலும் 260-க்கு மேல். நியூட்ரல் லூசாக இருந்தாலும் இதே கூத்துதான் நடக்கும் என்பதால் முதலில் போல்ட்டைப் பார்த்தோம், இறுக்கமாகவே இருந்தது. டாங்கைத் தொட்டால் நடுப்பக்கத் தகடு மட்டும் தனியாகச் சுட்டது. நேம் பிளேட்டில் இருந்த பாசியைத் துடைத்தோம்: 'ஒய்ஒய்என்0'. அதாவது இரண்டு பக்கமும் ஸ்டார்: மூன்று சுருளின் ஒரு முனையை ஒரே புள்ளியில் சேர்த்த கட்டு.

விஷயம் இதுதான். ஹெச்.டி. (உயர் அழுத்த) பக்கம் நமக்கு வருவது மூன்று கம்பி, நியூட்ரல் கிடையாது. லைன் வீடுகளின் லோடு முழுவதும் ஒரே ஃபேஸில் விழுந்தால், எல்.டி. (தாழ்வழுத்த) பக்கம் அந்தக் கரண்ட் நியூட்ரல் வழியாகத் திரும்பிவிடும். அதற்கு ஈடான கரண்ட் ஹெச்.டி. சுருளிலும் ஓட வேண்டும். ஸ்டார் கட்டில் அது திரும்புவதற்கு மற்ற இரண்டு ஃபேஸின் சுருள்களை விட்டால் வேறு வழியில்லை. அந்த இரண்டுக்கும் எதிரே எல்.டி.யில் ஈடுகட்ட லோடு இல்லை. அதனால் நடுப்புள்ளியின் வோல்டேஜ் நகர்கிறது. ஒரு ஃபேஸ் இறங்க, மற்றவை ஏறுகின்றன. மிஞ்சிய காந்தப்புலம் சுருள்களுக்கு நடுவே உள்ள இரும்பை (கோர்) விட்டு வெளியேறி டாங்க் தகடு வழியாகச் சுற்றும். தகடு சுட்டது அதனால்தான்.

டெல்டா கட்டில் (மூன்று சுருளையும் முக்கோணமாகச் சேர்த்தது) ஒவ்வொரு சுருளும் இரண்டு லைன்களுக்கு நடுவே நிற்கிறது. தன் எதிரே உள்ள லோடுக்கு வேண்டியதைத் தானே இழுத்துக்கொள்ளும், பக்கத்துச் சுருளைத் தொந்தரவு செய்யாது. மூன்று மடங்கு வேகத்தில் அதிரும் மூன்றாம் ஹார்மோனிக் கரண்டும் டெல்டாவுக்குள்ளேயே சுற்றிக்கொண்டு கிடக்கும். எல்.டி.யில் எர்த் ஃபால்ட் (கம்பி மண்ணோடு சேர்வது) வந்தால் கரண்ட் பலமாக ஓடி ஃபியூஸ் சட்டென்று போகும்.

அதனால் ஃபேக்டரிக்கும் குடியிருப்புக்கும் சேர்த்து ஒரே டிரான்ஸ்ஃபார்மர் என்றால் எங்கள் பதில் 'டிஒய்என்11'. முதல் எழுத்து ஹெச்.டி. டெல்டா, அடுத்தது எல்.டி. ஸ்டார், 'என்' என்றால் நியூட்ரல் வெளியே எடுத்திருக்கிறது. 11 என்பது கடிகாரக் கணக்கு: ஹெச்.டி. முள் 12-ல் நின்றால் எல்.டி. முள் 11-ல், அதாவது 30 டிகிரி முன்னால்.

அந்த 30 டிகிரியைச் சின்னதாக நினைக்காதீர்கள். பழைய ஒய்ஒய்என்0 பக்கத்திலேயே புதிய டிஒய்என்11-ஐ நிறுத்தி இரண்டையும் பேரலல் செய்ய (ஒரே லோடுக்குச் சேர்த்து இணைக்க) முடியுமா என்று ஒருவர் கேட்டார். இரண்டிலும் ஃபேஸுக்கு 250 வோல்ட்தான். ஆனால் ஒரே பெயருள்ள இரண்டு முனைகளுக்கு நடுவே மீட்டர் வைத்தால் சுமார் 130 வோல்ட் காட்டும். சேர்த்தால், இம்பிடன்ஸ் (கரண்டைத் தடுக்கும் அளவு) 4.5 சதவீதம் உள்ள ஒரே அளவு டிரான்ஸ்ஃபார்மர்களில் லோடே இல்லாமல் முழு லோடு கரண்டைப் போல ஐந்தரை மடங்குக்கு மேல் சுற்றும். பேரலல் என்றால் குரூப், வோல்டேஜ், டாப் (வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் படி), இம்பிடன்ஸ் நான்கும் ஒத்துப்போக வேண்டும்.

டெல்டாவிலும் ஒரு சங்கடம் உண்டு, மறைக்கவில்லை. ஹெச்.டி. கம்பியில் உள்ள ஹெச்.ஜி. (ஹார்ன் கேப்) ஃபியூஸ் ஒன்று போனால் ஒரு ஃபேஸ் முழுதாக வரும், மற்ற இரண்டும் ஏறக்குறைய பாதியாக வரும். விளக்கு எரிகிறதே என்று மோட்டாரை ஓடவிட்டால் உறுமிக்கொண்டே எரிந்துபோகும். சிங்கிள் ஃபேஸிங் பிரிவென்டர் (ஒரு ஃபேஸ் போனதும் மோட்டாரை நிறுத்தும் கருவி) இல்லாமல், கொழுந்தை நசுக்கிச் சுருட்டும் சி.டி.சி. மோட்டாரை ஓட்டாதீர்கள்.

அப்புறம் ஜிக்ஜாக். மேட்டில் தனியாக நிற்கும் 25, 63 கே.வி.ஏ. மாதிரி சின்னவற்றுக்கு, லோடு பெரும்பாலும் சிங்கிள் ஃபேஸாகவும் இருந்தால், 'ஒய்இசட்என்' (ஹெச்.டி. ஸ்டார், எல்.டி. ஜிக்ஜாக்) கட்டைக் கேட்டுப் பாருங்கள். எல்.டி. சுருளைப் பாதிப் பாதியாகப் பிரித்து கோரின் இரண்டு கால்களில் எதிரெதிராகச் சுற்றியிருப்பார்கள். சித்திரை இடியில் எல்.டி. கம்பி வழியாக ஏறி வரும் சர்ஜ் (திடீர் அதிக வோல்டேஜ்) அந்த இரண்டு பாதியிலும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும், ஹெச்.டி. சுருளுக்குப் பெரிதாகத் தாவாது. எல்.டி. சுருளில் 15 சதவீதம் போல அதிகச் சுற்று வேண்டும் என்பதால் விலை கூடும். பெரிய ஃபேக்டரிக்கு இந்தச் செலவு வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம். சர்ஜை மண்ணுக்கு இறக்கிவிடும் லைட்னிங் அரெஸ்டர் எந்தக் கட்டானாலும் வேண்டும்.

ஸ்டாரை டெல்டாவாக மாற்றித் தர முடியுமா என்றும் கேட்கிறீர்கள். முனைகளை மாற்றி முடிச்சுப் போட்டால் ஆகாது. 11,000 வோல்ட் லைனில் ஸ்டார் சுருள் தாங்குவது 6,350 வோல்ட்தான். டெல்டாவில் முழு 11,000. ஹெச்.டி. சுருள்கள் மூன்றையும் புதிதாகச் சுற்ற வேண்டும். சில சமயம் அந்தச் செலவுக்குப் புதியதே வாங்கலாம். அப்படியானால் அதைச் சொல்லிவிடுவோம்.

புதியது வாங்கும்போது ஐ.எஸ். 1180 (இந்தியத் தர எண்) முத்திரையைப் பாருங்கள். ஆர்டரில் ஊரின் உயரத்தையும் எழுதுங்கள். சாதாரண வடிவமைப்பு 1,000 மீட்டர் வரைக்கும்தான். நம் குன்னூர், கோத்தகிரி எல்லாம் 1,700-க்கு மேல். காற்று மெலிந்த இடத்தில் புஷ்ஷிங் (கம்பி வெளியே வரும் பீங்கான்) இடைவெளி கூடுதலாக வேண்டும், 1,000-க்கு மேல் ஒவ்வொரு 100 மீட்டருக்கும் ஒரு சதவீதம் என்ற கணக்கில்.

விலை கேட்டு வரும்போது பழைய டிரான்ஸ்ஃபார்மரின் நேம் பிளேட் படமும், மாலை ஏழு மணிக்கு மூன்று ஃபேஸிலும் நியூட்ரலிலும் எடுத்த ஆம்பியர் கணக்கும் கொண்டு வாருங்கள். நியூட்ரலை அளக்க மறந்துவிடாதீர்கள்.

அன்புடன்,
பட்டறையிலிருந்து