சாவியை அணைத்தாலும் நிற்காத டீசல் என்ஜின்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகளும் கார் ஓட்டத் தொடங்கிவிட்டாள் என்பதில் மகிழ்ச்சி. ஆனால் உன் டீசல் காரில் ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கில் ஆயில் மேல் கோட்டைத் தாண்டி நிற்பதாகவும், "கூடுதலாக இருந்தால் நல்லதுதானே" என்று யாரோ சொன்னதாகவும் எழுதியிருக்கிறாய். நல்லதில்லை, உடனே கவனி. டீசல் என்ஜின் தறிகெட்டு ஓடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

பெட்ரோல் என்ஜினில் ஸ்பார்க்கை நிறுத்தினால் வேலை முடிந்தது. டீசலில் ஸ்பார்க்கே கிடையாது. காற்றை 16 முதல் 20 மடங்கு அழுத்தும்போது பிறக்கும் சூட்டிலேயே எரிபொருள் பற்றிக்கொள்கிறது. சாவியை அணைத்தால் நிற்பது டீசல் வரத்து மட்டும். என்ஜின் ஆயிலும் அந்தச் சூட்டில் எரியும். அது காற்றோடு சேர்ந்து உள்ளே வரத் தொடங்கிவிட்டால் சாவி, ஆக்சிலேட்டர், கம்ப்யூட்டர் எதற்கும் என்ஜின் கட்டுப்படாது. வேகம் ஏற ஏற, என்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போ இன்னும் காற்றைத் தள்ளும், ஆயிலும் கூடவே போகும். ஆயில் தீர்ந்து பேரிங் இறுகிப் பிடிக்கும், அல்லது பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு உடைந்து என்ஜின் பிளாக்கைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும்.

ஆயில் எங்கிருந்து வருகிறது என்றால், பெரும்பாலும் டர்போவிலிருந்து. ஷாஃப்ட் பேரிங் தேய்ந்து சீல் போய்விட்டால் ஆயில் நேராகக் காற்றுக் குழாயில் இறங்கும். டர்போவிலிருந்து, என்ஜின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்புக்குத் திரும்பும் குழாய் அடைத்துக்கொண்டாலும் இதே கதைதான்; டர்போ நன்றாக இருந்தும் சீல் தாண்டி ஆயில் கசியும். அடுத்தது பிரீதர், அதாவது என்ஜினுக்குள் சேரும் ஆவியை வெளியேற்றும் குழாய். பிஸ்டன் ரிங் தேய்ந்த என்ஜினில் எரிந்த வாயு கீழே இறங்கி, ஆயில் ஆவியைப் பிரீதர் வழியாக இன்டேக் என்ற காற்றுப் பாதைக்குத் தள்ளும். சம்ப்பில் அளவு கூடினால் கிரேங்க் அதை அடித்துக் கலக்குவதால் இது பல மடங்காகும். பழைய டீசல் பம்பு வண்டிகளில், டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் ரேக் திறந்தபடி சிக்கிக்கொண்டும் ரேஸ் ஏறும்; அங்கே எரிவது டீசல்தான் என்பதால் டீசல் வரத்தைத் துண்டித்தால் நின்றுவிடும்.

அடையாளம் தெளிவானது. ஆக்சிலேட்டரில் கால் இல்லாமலே சத்தம் ஏறும், பின்னால் அடர்ந்த வெள்ளை அல்லது நீலப் புகை கிளம்பும். யோசிக்கச் சில நொடிகள்தான் கிடைக்கும். ஆகவே செய்ய வேண்டியதை உன் மகளுக்கும் இப்போதே சொல்லிக் கொடு.

மேனுவல் கியர் என்றால் கிளட்ச்தான் ஆயுதம். வண்டி நின்றுகொண்டிருந்தால் பிரேக்கை முழு பலத்தோடு மிதி, ஹேண்ட்பிரேக்கையும் இழு, இருப்பதிலேயே உயர்ந்த கியரைப் போடு, கிளட்சைச் சட்டென்று விடு. மெதுவாக விட்டால் கிளட்ச் தட்டு கருகும், என்ஜின் நிற்காது. இரண்டாவது வாய்ப்பும் கிடைக்காமல் போகலாம். வண்டிக்கு முன்னால் யாரும் நிற்கக் கூடாது. ஓடும்போது நேர்ந்தால் பதற்றத்தில் கிளட்சை மிதித்துவிடாதே. சுமை விலகியதும் என்ஜின் இன்னும் எகிறும். கியரிலேயே வைத்துப் பிரேக்கை அழுத்தி நிறுத்து. முதல் கியரிலோ இரண்டாவதிலோ இருந்தால் மட்டும் விரைந்து மேல் கியருக்கு மாற்று. சாவியை அணை, ஆனால் உருவாதே, ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். என்ஜின் நின்ற பிறகு பிரேக் ஓரிரு மிதிக்குத்தான் இளகும், பிறகு கல்லாகிவிடும்.

ஆட்டோமேட்டிக் பற்றிக் கேட்டிருந்தாய். என்ஜினையும் கியரையும் எண்ணெய் வழியே இணைக்கும் டார்க் கன்வெர்ட்டர் வழுக்கிக் கொடுத்துக்கொண்டே இருக்கும், பிரேக் போட்டு என்ஜினை அடக்க முடியாது. அங்கே ஒரே வழி காற்றை அடைப்பது. ஏர் ஃபில்டருக்குப் போகும் வாயைத் தடித்த பலகையாலோ உலோகத் தகட்டாலோ முழுதாக மூட வேண்டும். கையை வைக்கவே கூடாது, டர்போ இழுக்கும் வேகம் அப்படி. துணியும் வேண்டாம், உறிஞ்சி உள்ளே போய்விடும். ஃபில்டருக்குப் பின்னால் குழாய் கிழிந்திருந்தால் முன்வாயை மூடியும் பயனில்லை. கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பான் கையில் இருந்தால் அதுவே சிறந்தது. காற்று வாயில் குழலை வைத்து என்ஜின் அடங்கும் வரை செலுத்து. தூள் தீயணைப்பான் என்ஜினைத் தேய்த்துக் கெடுக்கும். தண்ணீர் ஊற்றினால் அது அமுங்காமல் ராடு வளையும். உயர் அழுத்தத்தில் டீசலைச் செலுத்தும் காமன் ரெயில் வண்டியில் இன்ஜெக்டர் குழாயைக் கழற்றப் போகாதே. ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தம் போகும் டீசல் தோலைத் துளைக்கும், எரிவது ஆயில் என்பதால் என்ஜினும் நிற்காது.

பானெட்டைத் திறக்க நேரமில்லாத அளவு ரேஸ் ஏறியிருந்தால் எல்லாரையும் இறக்கிக்கொண்டு விலகிப் போய்விடு. என்ஜின் விலை உயிருக்கு முன் ஒன்றுமில்லை. எண்ணெய்க் கிணறுகளில் ஓடும் டீசல் என்ஜின்களில், கசிந்த எரிவாயுவை உறிஞ்சித் தறிகெடும் ஆபத்து இருப்பதால், காற்றை அடைக்கும் வால்வைத் தனியாகவே பொருத்துகிறார்கள். சாதாரணக் கார்களில் அப்படி ஒன்று இல்லை. ஆனால் புதிய டீசல் கார்கள் பலவற்றில் சாவியை அணைத்ததும் மூடிக்கொள்ளும் காற்றுத் தகடு உண்டு. அது ஓரளவு உதவும்.

நின்ற பிறகு, ஒரு தடவை ஸ்டார்ட் செய்து பார்க்கலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதே. டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரில் தேங்கிய ஆயில் மீண்டும் இதையே செய்யும். டர்போவை மட்டும் மாற்றி, இன்டர்கூலரைக் கழுவாமல் விட்டதால் புது டர்போவோடும் ரேஸ் ஏறிய வண்டிகள் உண்டு. முதலில், ஸ்டார்ட் செய்யும்போது சிலிண்டரைச் சூடேற்றும் குளோ பிளக்குகளைக் கழற்றி, கிரேங்கைக் கையால் சுற்றி, சிலிண்டரில் ஆயில் தேங்கியிருந்தால் வெளியேற்ற வேண்டும். பிறகு கம்ப்ரஷன் பார்த்து, ராடு வளைந்ததா என்று தெரிந்துகொண்டுதான் டர்போவுக்குச் செலவு. டர்போவுக்கு ஆயில் வரும் குழாய், திரும்பும் குழாய், பிரீதர் வால்வு மூன்றையும் சேர்த்தே மாற்றச் சொல். முதல் ஸ்டார்ட்டின்போது ஒருவர் காற்று வாயருகே பலகையோடு பக்கவாட்டில் நிற்கட்டும்.

இனி உன் வண்டி. ஆயில் தானாக ஏறியிருந்தால் பெரும்பாலும் டீசல் கலந்திருக்கும். புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டியான டி.பி.எஃப். தன்னைச் சுத்தம் செய்யக் கூடுதல் டீசலைச் செலுத்தும். குறுகிய ஓட்டங்களில் அது பாதியில் நின்று, எரியாத டீசல் சம்ப்பில் இறங்கிவிடும். கூடுதலாக உள்ளதை மட்டும் உறிஞ்சி எடுத்தால் போதாது, நீர்த்துப்போன ஆயில் டர்போ பேரிங்கைத் தின்றுவிடும். ஆயிலையும் ஃபில்டரையும் மாற்று, அளவை மேல் கோட்டுக்குக் கீழேயே நிறுத்து. அப்படியே டர்போ குழாயைக் கழற்றிப் பார்க்கச் சொல். மெல்லிய ஆயில் படலம் சகஜம், குளமாகத் தேங்கியிருந்தால் இல்லை. ஷாஃப்டைப் பிடித்து முன்னும் பின்னும் இழுத்தால் ஆட்டம் கைக்குத் தட்டக் கூடாது. பக்கவாட்டில் சிறு அசைவு இருக்கலாம், இறக்கைகள் சுவரை உரசக் கூடாது.

மாற்றிய பிறகு 500 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, சமதளத்தில் நிறுத்தி, என்ஜின் அணைத்துப் பத்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக் பார். மீண்டும் ஏறியிருந்தால் இன்ஜெக்டர் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். என்ன அளவு காட்டியது என்று எழுது.

அன்புடன்,
உன் நண்பன்