உதவித்தொகை தேடித் தருவதாகக் கட்டணம் வாங்கி, கடனை மட்டும் காட்டியது குறித்த புகார்

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் குறைதீர் பிரிவு

பொருள்: எம்.பி.ஏ. நிதியுதவி ஆலோசனைச் சேவைக்குக் கட்டிய பணத்தைத் திருப்பித் தரக் கோருதல்

ஐயா / அம்மையீர்,

வணக்கம். சென்ற செப்டம்பர் முதல் வாரத்தில் தங்கள் நிறுவனத்தின் நிதியுதவி ஆலோசனைச் சேவையில் சேர்ந்தேன். முழுக் கட்டணத்தையும் அன்றே கட்டினேன். கடன் வாங்குவதற்கு முன் உதவித்தொகைக்கான எல்லா வழிகளையும் பார்த்துவிடுவோம் என்று தங்கள் ஆலோசகர் சொன்னார். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் வந்தேன். கடன் வாங்க எனக்கு யாருடைய துணையும் தேவையில்லை, வங்கிக்கு நேராகவே போயிருப்பேன். இப்போது 9 மாதம் ஆகிவிட்டது. என் கையில் இருப்பவை 3 கடன் ஒப்புதல் கடிதங்கள். உதவித்தொகைக்கு என் பெயரில் ஒரு விண்ணப்பம்கூடப் போகவில்லை.

முதல் நாள் நீங்கள் நிரப்பச் சொன்ன படிவத்தை நேற்று மறுபடி எடுத்துப் பார்த்தேன். 6 பக்கம். பெற்றோரின் சொத்து விவரம், ஜாமீன் போடுபவரின் வருமானம், வீட்டுப் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது, ஏற்கெனவே உள்ள தவணைகள் என்று எல்லாமே கேட்டிருக்கிறீர்கள். எம்.பி.ஏ. சேர்க்கைக்கான ஜிமேட் தேர்வில் என் மதிப்பெண் என்ன என்று கேட்கவில்லை. எந்தத் துறையில் எத்தனை வருடம் வேலை பார்த்தேன், எந்தக் கல்லூரிக்கு எந்தச் சேர்க்கை ரவுண்டில் விண்ணப்பிக்கப் போகிறேன் என்பதற்கு ஒரு கட்டம்கூட இல்லை. தகுதி பார்த்துத் தரும் உதவித்தொகைக்கு இந்த விவரங்கள்தானே அடிப்படை? இது கடன் படிவம். அன்றைக்கே அது எனக்குப் புரியாமல் போனதில் இன்னும் மனம் ஆறவில்லை.

நவம்பர் கடைசியில் 42 வரி கொண்ட ஒரு பட்டியல் அனுப்பினீர்கள். அலுவலகம் முடிந்து வந்து இரவுகளில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தேன். அதில் 11 இளநிலைப் பட்டம் படிப்பவர்களுக்கானவை. 9 திட்டங்களின் கடைசித் தேதி பட்டியல் என் கைக்கு வருவதற்கு முன்பே முடிந்திருந்தது. 17-வது வரியும் 31-வது வரியும் ஒரே திட்டம், பெயரை மட்டும் மாற்றி எழுதியிருந்தார்கள். வணிகத் துறையில் பெண்களை ஊக்குவிக்கும் ஃபோர்ட்டே அமைப்பின் உதவித்தொகைக்குத் தனியாக விண்ணப்பம் அனுப்பும்படி குறிப்பு எழுதியிருந்தீர்கள். அதற்கு உரியவர்களை அந்த அமைப்பில் உறுப்பினராக உள்ள கல்லூரிகளே தேர்ந்தெடுக்கின்றன. ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலுக்கு 'மெரிட் உதவித்தொகைக் கட்டுரை' தயார் செய்யச் சொன்னீர்கள். அங்கே உதவித்தொகை பொருளாதாரத் தேவையைப் பார்த்து மட்டுமே தரப்படுகிறது. அவர்களுடைய இணையதளத்தில் 5 நிமிடம் செலவழித்திருந்தால் தெரிந்திருக்கும். இல்லாத ஒன்றுக்காக நான் 2 வாரம் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன்.

இவற்றையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது ரவுண்டு விஷயத்தில் நடந்ததுதான். அமெரிக்கா போன்ற நாடுகளில் எம்.பி.ஏ. சேர்க்கை பெரும்பாலான கல்லூரிகளில் சில ரவுண்டுகளாக நடக்கிறது. முதல் ரவுண்டு செப்டம்பர், அக்டோபர் வாக்கிலும் அடுத்தது ஜனவரி வாக்கிலும் முடிந்துவிடும். பல இடங்களில் சேர்க்கையோடு சேர்த்தே உதவித்தொகையையும் முடிவு செய்கிறார்கள். முந்தி வருபவர்களுக்குக் கொடுத்ததுபோக மிச்சம் இருப்பதுதான் கடைசி ரவுண்டுக்கு. நான் ஜனவரியில் போட்டுவிடுகிறேன் என்றேன். தங்கள் ஆலோசகர், "அவசரப்படாதீங்க, மதிப்பெண்ணை ஏத்திக்கிட்டுக் கடைசி ரவுண்டுல போடுங்க, சீட் கிடைக்கட்டும், பணத்தை அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். அவர் பேச்சைக் கேட்டேன். மே மாதம் சீட் கிடைத்தது. கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்துக்கு நானே எழுதிக் கேட்டபோது, இந்த ஆண்டு ஒதுக்கீடு பெரும்பாலும் முந்தைய ரவுண்டுகளிலேயே முடிந்துவிட்டது என்று பொறுமையாகப் பதில் எழுதினார்கள். அந்தக் கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டியபோது அவர் ஒன்றும் பேசவில்லை. எழுந்து போய் வீட்டுப் பத்திரத்தை எடுத்து வந்து மேசைமேல் வைத்தார்.

அதற்கு அடுத்த நாளிலிருந்து கடன் நிறுவனங்களின் அழைப்புகள். என் எண்ணையும் அப்பாவின் வருமான விவரத்தையும் அவர்களுக்கு யார் கொடுத்தது? உங்களிடம் தவிர வேறு எங்கும் நான் அவற்றைத் தரவில்லை.

கடனைப் பற்றி ஆலோசகர் சொன்னது இன்னொரு விஷயம். "படிக்கும்போது ஒரு பைசா கட்ட வேண்டாம், வேலை கிடைச்சு 6 மாசம் கழிச்சுக் கட்டினாப் போதும்" என்றார். கட்ட வேண்டாம் என்பது சரி. வட்டி அந்த மாதங்களிலும் ஓடும் என்பதைச் சொல்லவில்லை. ஒப்புதல் கடிதத்தில் ஆண்டுக்கு 12 சதவீதம், மாதாமாதம் அசலோடு சேரும் என்று சின்ன எழுத்தில் இருக்கிறது. அசல் 100 என்று வைத்துக் கணக்குப் போட்டேன். முழுத்தொகையும் தொடக்கத்திலேயே கைக்கு வந்தால், 2 வருடப் படிப்பும் 6 மாத அவகாசமும் முடியும்போது அது ஏறக்குறைய 135 ஆகி நிற்கும். முதல் தவணையே அந்த 135-க்குத்தான். படிக்கும்போதே வட்டியை மட்டும் கட்டிவந்தால் அசல் 100-லேயே நிற்கும் என்பதையாவது சொல்லியிருக்கலாம். செயலாக்கக் கட்டணத்தைப் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் தருவார்கள், வட்டி மட்டும் முழுத்தொகைக்கும் என்பதையும் நானே படித்துத்தான் தெரிந்துகொண்டேன். இந்தக் கடன் நிறுவனங்களிடம் நீங்கள் கமிஷன் வாங்குகிறீர்களா என்று 2 முறை மின்னஞ்சலில் கேட்டேன். இரண்டுக்கும் பதில் இல்லை.

கடந்த 3 வாரத்தில் நானாகவே விசாரித்ததில் தெரிந்தவற்றையும் எழுதுகிறேன், ஏனென்றால் இவற்றைச் சொல்வதுதான் உங்கள் வேலை. நான் வேலை பார்க்கும் நிறுவனமே படிப்புக் கட்டணத்தில் ஒரு பகுதியைத் தருகிறது, திரும்பி வந்து 2 வருடம் வேலை செய்ய வேண்டும் என்ற நிபந்தனையுடன். எங்கள் மனிதவளப் பிரிவில் ஒரு கேள்வி கேட்டதற்கே இது தெரிந்தது. நான் சேரும் கல்லூரியில் 2-ஆம் ஆண்டு மாணவர்களுக்கு ஆசிரியர் உதவியாளர் வேலை இருக்கிறது, அதற்குச் சம்பளமும் உண்டு. வேறு கல்லூரியின் உதவித்தொகைக் கடிதம் கையில் இருந்தால் அதைக் காட்டி மறுபரிசீலனை கேட்கலாம் என்கிறார்கள். என்னிடம் காட்ட எதுவும் இல்லை. ஜனவரியில் 2, 3 இடங்களில் போட்டிருந்தால் ஒருவேளை இருந்திருக்கும்.

நான் கேட்பவை: கட்டிய கட்டணம் முழுவதும் திரும்ப வேண்டும். என் விவரங்களும் அப்பாவின் விவரங்களும் எந்தெந்த நிறுவனங்களுக்குப் போயின என்று எழுத்தில் தர வேண்டும், அவர்களிடமும் உங்களிடமும் உள்ள பிரதிகளை அழிக்கச் செய்ய வேண்டும். கமிஷன் பற்றிய கேள்விக்கு ஆம் அல்லது இல்லை என்று பதில் வேண்டும். அந்த 42 வரிப் பட்டியலை, சரிபார்த்துத் திருத்தும்வரை வேறு யாருக்கும் அனுப்பாதீர்கள். செப்டம்பரில் உங்களிடம் வரப்போகிற இன்னொருவருக்கும் ஒரு ஜனவரி தவறிப்போகக் கூடாது.

கட்டண ரசீது, படிவத்தின் நகல், நான் குறிப்பெழுதிய பட்டியல், மின்னஞ்சல்கள் ஆகியவற்றை இத்துடன் இணைத்துள்ளேன். 15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால் இதே ஆவணங்களுடன் நுகர்வோர் குறைதீர் அமைப்பில் முறையிடுவேன். தொலைபேசியில் பேச வேண்டாம், எழுத்தில் மட்டும் பதில் தாருங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்