மூணு வார வித்தியாசத்துல பிரிஞ்ச ஈ

ஆசிரியருக்கு வணக்கம்,

போன வார அறிவியல் பக்கத்துல, புது இனம் உருவாகணும்னா நடுவுல மலையோ கடலோ வந்து பிரிக்கணும், லட்சக்கணக்குல வருஷம் ஆகும்னு போட்டிருந்தீங்க. பெரும்பாலும் சரிதாங்க, ஆனா நான் இருக்கறது அமெரிக்காவுல மிச்சிகன், எங்க வீட்டு ஆப்பிள் மரத்துக்கு வர்ற ஈயைப் பாத்தா அப்படி அடிச்சுச் சொல்ல மனசு வரல.

பழம் வெளிய நல்லாத்தான் இருக்கும், தோல்ல ஊசி குத்தின மாதிரி ஒரு புள்ளி, அவ்ளோதான். வெட்டினா உள்ள பூரா பழுப்புக் கோடா அந்த ஈயோட புழு ஓடியிருக்கும். இந்த ஈ ஆதியில ஆப்பிள்ல இருந்ததே இல்ல. ஹாத்தார்ன்னு இங்க ஒரு முள்ளு மரம், இலந்தைப்பழம் மாதிரி குட்டியா செவப்பா பழுக்கும், அதுல இருந்த ஈ. ஆப்பிள் ஐரோப்பாக்காரங்க கொண்டாந்தது. 1800கள் நடுவுல நியூயார்க் மாநிலத்துல ஹட்சன் ஆத்துப் பக்கம் கொஞ்சம் ஈ அதுக்குத் தாவிடுச்சு. பெஞ்சமின் வால்ஷ்ங்கற பூச்சி ஆராய்ச்சியாளர் 1860கள்லயே இப்படித்தான் புது இனம் வரும்னு எழுதிட்டார்.

சங்கதி, கூட்டுப்புழுவா மண்ணுக்குள்ள குளிர்காலம் பூரா போடற தூக்கத்துல இருக்கு. ஹாத்தார்னை விட ஆப்பிள் மூணு நாலு வாரம் முந்திப் பழுத்துடும். ஈ வெளிய வந்தா ஒரு மாசம் இருந்தாலே பெருசு, அதுக்குள்ள பழத்தைத் தேடி அதுமேலயே ஜோடி சேந்து முட்டை போடணும், மண்ணுலேர்ந்து கெளம்புற தேதி தப்பினா வம்சமே போச்சு. அதனால ஆப்பிள் ஈ முந்தியும் ஹாத்தார்ன் ஈ பிந்தியும் வெளிய வந்து, பெரும்பாலும் அதது கூட்டத்துக்குள்ளயே ஜோடி சேருது. இதுல இன்னொரு சிக்கல், ஆப்பிள் புழு சீக்கிரமே மண்ணுக்குள்ள போய் கூட்டுப்புழு ஆயிடுது, அப்ப வெளிய இன்னும் சூடு இருக்கு, அதை நம்பி எந்திரிச்சு வந்தா பழமும் இல்ல, பின்னாடியே பனி, ஆக நல்லா அடிச்சுப்போட்ட மாதிரி தூங்கறதுக மட்டும்தான் பொழைச்சு வருது.

வருஷத்துக்கு ஒரே தலைமுறைதான், இருநூறு தலைமுறைகூட ஆகல, 1988லயே உயிரியல் ஆராய்ச்சியாளர் ஜெஃப்ரி ஃபெடர் குழு ரெண்டு கூட்டத்துக்கும் மரபணுவுல வித்தியாசம் காட்டிட்டாங்க. இன்னும் நூத்துக்கு நாலஞ்சு ஈ அடுத்த கூட்டத்தோட கலக்கத்தான் செய்யுது, அதனால முழுசா தனி இனம்னு நானும் சொல்ல மாட்டேன். ஆனா நடுவுல மலையும் இல்ல கடலும் இல்ல, ரெண்டு மரமும் ஒரே தெருவுல நிக்குது.

இந்தப் புழுவுக்குள்ளயே முட்டை போடற குட்டிக் குளவி ஒண்ணு இருக்குங்க, ஈ பிரிஞ்சதைப் பாத்து அதுவும் ஆப்பிள் கோஷ்டி, ஹாத்தார்ன் கோஷ்டின்னு பிரிய ஆரம்பிச்சிருக்கு. அதைப் பத்தி ஒரு வாரம் போடுங்களேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மிச்சிகன்