ஒரு மாதக் குஞ்சு, எந்த நீரில் ஒரு மாதம்?

மலையக நீர்த்தேக்கங்களில் மீன்குஞ்சு விடும் பொறுப்பிலுள்ள அதிகாரிகளுக்கு,

வணக்கம். அட்டன் பக்கம் உயர்தர மாணவருக்கு உயிரியல் கற்பிக்கிறேன். காசல்ரீ நீர்த்தேக்கக் கரையில் ஒட்சிசன் அடைத்த பொலித்தீன் பைகள் லொறியிலிருந்து இறங்கும் நாட்களில் மாணவரையும் கூட்டிக்கொண்டு போய் நிற்பேன். எத்தனை நாள் குஞ்சு என்று கேட்டால் உடனே பதில் வருகிறது. என்ன சூட்டு நீரில் வளர்ந்தது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. அந்த இரண்டாவது கேள்விக்காகத்தான் இந்த மடல்.

மீனின் நிர்ப்பீடனத்தில், அதாவது நோயெதிர்ப்பில், ஒரு பாதி முட்டைக்குள்ளேயே விழித்துக்கொள்கிறது. கிருமியை அடையாளம் காணும் டோல் வாங்கிகள் என்ற புரதங்களின் பரம்பரையலகுகள் முளையத்திலேயே இயங்கத் தொடங்கும். பற்றீரியா நீந்தப் பயன்படுத்தும் சவுக்குமுளையின் புரதத்தை டோல் 5 கண்டுபிடிக்கும், வைரசின் இரட்டை இழை ஆர்என்ஏயை டோல் 3. தாய் மஞ்சட்கருவோடு கொடுத்துவிட்ட, கிருமியைப் பற்றிப்பிடிக்கும் பிறபொருளெதிரியும் கொஞ்சம் இருக்கும், அது சீக்கிரம் தீர்ந்துபோகும். கண்ட கிருமியை நினைவில் வைக்கும் மற்றப் பாதிதான் தாமதம். நிணநீர்க்குழியங்கள் தங்கள் வாங்கிகளை ஆக்க, பரம்பரையலகுத் துண்டுகளை வெட்டி ஒட்ட வேண்டும். அதைச் செய்வது ராக் 1, ராக் 2 என்ற இரண்டு பரம்பரையலகுகளின் புரதங்கள். ஆய்வுகூடங்களில் 28 பாகை நீரில் வளரும் சீப்ரா மீன் 3 நாளில் பொரித்துவிடும், ராக் 1 நாலாம் நாளளவில், நிணநீர்க்குழியங்கள் முதிரும் உறுப்பான தைமசில் தென்படும். ஆனால் அந்தப் பாதி முழுதாக முதிர 4 முதல் 6 கிழமை ஆகிறது. அதுவரை குஞ்சுக்குப் பிறவிக் காவல் மட்டும்தான்.

இது சூடான நீரின் கணக்கு. மீனின் உடற்சூடு நீரின் சூடுதானே! நீர் குளிர்ந்தால் வளர்ச்சியும் மெதுவாகும். அதனால் சூட்டை நாளால் பெருக்கிப் பாகை-நாளாக எண்ண வேண்டும். 28 பாகையில் 30 நாள் என்றால் 840 பாகை-நாள். நுவரெலியாக் குளிரில், 16 பாகை நீரில், அதே 30 நாள் வெறும் 480. இரண்டையும் ஒரு மாதக் குஞ்சு என்றே சொல்கிறோம். 1880களில் வெள்ளைக்காரர் இங்கே கொண்டுவந்த ட்ரவுட் குளிர்நீர் மீன், அது சமாளிக்கும். கார்ப் அப்படியல்ல. குளிர்ந்த நீரில் அதற்குப் பிறபொருளெதிரி உருவாகவே தாமதமாகும்.

ஆகவே கார்ப் குஞ்சுகளைக் கீழ்நாட்டுத் தொட்டியில் இன்னும் இரண்டு கிழமை வைத்திருந்து மேலே ஏற்றுங்கள். தீன் செலவு கூடும், சரி. ஆனால் தோட்டத்தில் வேலை இல்லாத நாளில் இந்த நீரில் வலை போட்டுத்தான் எங்கள் ஆட்கள் அடுப்பு மூட்டுகிறார்கள். ஒவ்வொரு பையிலும் பொரித்த திகதியோடு தொட்டி நீரின் சூட்டையும் எழுதி அனுப்புங்கள். இங்குள்ள நீரின் சூட்டைக் காலையும் மாலையும் அளந்து தர என் மாணவர்கள் தயார். ஒரு வெப்பமானி எங்களிடம் இருக்கிறது.