ஒரு பெட்ரூம் போதும் என்றாயே

அன்பு மகளுக்கு,

நேற்று போனில் "ஒரு பெட்ரூம் போதும்ப்பா" என்றாய். சரி என்று வைத்துவிட்டேன். அம்மா என்னவென்று கேட்டாள். வீடு மாறுகிறாளாம் என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

வேளச்சேரிப் பக்கம் பார்ப்பதாகச் சொன்னாய். மழைக்குத் தெருவில் தண்ணீர் எவ்வளவு நிற்கும் என்று கீழ்வீட்டுக்காரர்களிடம் கேள், புரோக்கரிடம் கேட்காதே. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாத வரை அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது. 2019-ல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டத்திலேயே இருக்கிறது. ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்துவிடு. உன் பெயரில் மட்டும் போடுவதானாலும் சரி, போட்டுக்கொள்.

ஆனால் "ஃபேமிலிக்குத்தான் தருவோம்" என்று வீட்டுக்காரர் சொன்னால், அதற்கு அந்தச் சட்டத்தில் பதில் இல்லை. அத்தனை பேருக்கு வேலை சொல்கிற உன்னை நிற்கவைத்து "வீட்ல யார் யாரும்மா?" என்று ஒருவன் விசாரிப்பதை நினைத்தால் ஆத்திரமாக வருகிறது. எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றும் வருகிறது. அது போகட்டும்.

பிளான் போட்டே பிழைத்தவன் நான். அறைக்குக் குறைந்தது 9.5 சதுர மீட்டர், இரண்டாவது அறைக்கு 7.5 என்று தேசியக் கட்டட விதித்தொகுப்பு அளவு சொல்கிறது. அதில் யார் இருக்கப்போகிறார்கள் என்று எவனும் கேட்பதில்லை. புருஷன், பெண்டாட்டி, இரண்டு பிள்ளை. எந்த பிரோஷரை எடுத்தாலும் இதே குடும்பம்தான். பெரிய அறைக்குள் பாத்ரூம், பக்கத்தில் 'கிட்ஸ் ரூம்'. இரண்டு பெண்கள் வாடகையைச் சரிபாதி போட்டுக்கொண்டு இருக்க நினைத்தால், ஒருத்தி ராத்திரி ஹாலைக் கடந்துதான் பாத்ரூம் போக வேண்டும். இரண்டு அறையையும் ஒரே அளவில், இரண்டிலும் பாத்ரூம் வைத்துக் கட்டுங்கள் என்றால் "யார் சார் வாங்குவா?" என்பார்கள் பில்டர்கள். வாங்க ஆள் இருக்கிறது. வேலைக்குப் போகிற பெண்களுக்கு அரசாங்கம் தாம்பரத்தில் தோழி விடுதி கட்டியிருக்கிறது, நல்ல காரியம்தான். ஆனால் விடுதி விடுதிதான். உனக்கென்று ஒரு அடுப்படி வேண்டாமா?

அதனால் சொல்கிறேன், இரண்டு பெட்ரூமாகப் பார். நாங்கள் வந்தால் தங்க வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் இப்படி இருக்கையில் லிஃப்ட் இல்லாத மாடி வேண்டாம். பாத்ரூம் வாசலில் படி வைத்திருக்கிறார்களா பார். வாடகை இடித்தால் நான் தருகிறேன், கணக்குப் பார்க்காதே. மழைத் தண்ணீரை மட்டும் மறக்காமல் விசாரி.

அத்தை வீட்டுக் கல்யாணத்துக்கு உங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டுப் பத்திரிகை வந்திருக்கிறது. நீ வந்தால் போதும். வராவிட்டாலும் நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வைகை எக்ஸ்பிரஸில் வருகிறேன். அதுவரை எந்த வீட்டுக்கும் டோக்கன் அட்வான்ஸ் கொடுக்காதே. யாராவது கேட்டால் அப்பாவும் கூட இருப்பார் என்று சொல்லிவிடு. ஒரு மாதத் துணி எடுத்து வைத்திருக்கிறேன்.

அப்பா